மாத்திரை கொடுத்தது கணக்கல்ல, பிரஷர் இறங்கியதா என்பதே கணக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், வீட்டில் அப்படி ஒருவர் இருப்பவர்களும் கட்டாயம் கடைசிவரை படியுங்கள். அப்படிப் பார்த்தால் அநேகமாக எல்லோருமே படிக்க வேண்டும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரஷருக்கு மாத்திரை கிடைக்கிறது. காசு வாங்காமல் கொடுக்கிறார்கள். வயதானவர்களுக்கு வீடு தேடி வந்தும் கொடுக்கிறார்கள். இதில் எதையும் நான் குறை சொல்ல வரவில்லை. நான் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். மாத்திரை வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு பிரஷர் கட்டுக்குள் வந்தது? நான் போன எந்த சுகாதார நிலையத்தின் சுவரிலும் இந்த எண் எழுதப்பட்டிருந்ததை நான் பார்த்ததில்லை. எத்தனை பேரைப் பரிசோதித்தோம், எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்ற கணக்கு மட்டும் எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறது.

நம் அரசாங்கத்திடமே பதில் இருக்கிறது. 2020இல் தமிழ்நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடந்தது. வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பது அதில் தெரிந்தது. அவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 100க்கு 7 பேர்தான். அடுத்த சுற்று ஆய்வில் அது ஏறத்தாழ 17 ஆனது. ஏழு பதினேழானது உண்மையான முன்னேற்றம். அதற்காக உழைத்த டாக்டர்களுக்கும் நர்ஸம்மாக்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் கை கூப்புகிறேன். ஆனால் நான் வாத்தியார் வேலை பார்த்தவள். ஒரு வகுப்பில் 100 பேர் எழுதி 17 பேர் பாஸ் என்றால் மறுநாள் பள்ளிக்கூட வாசலில் கல்வி அதிகாரியின் ஜீப் நிற்கும். இங்கே ஜீப் எதையும் காணோம். கைத்தட்டல்தான் கேட்கிறது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. நல்ல திட்டம். 45 வயதைத் தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்பு சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கின்றன. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் வந்தது. எனக்கும் பெருமைதான். ஆனால் ஒரு கோடியாவது பயனாளி என்று விழா எடுத்தோமே, அந்த ஒரு கோடி என்பது பள்ளிக்கூடக் கணக்கில் என்ன? சேர்க்கைப் பதிவேடு. ஜூன் மாதம் பெயர் எழுதியவர்களின் எண்ணிக்கை. சேர்க்கை வேறு, வருகை வேறு, தேர்ச்சி வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பினால் எந்தத் தலைமையாசிரியரும் பள்ளிக்கூடம் நடத்த முடியாது.

"டீச்சர், நீங்கள் டாக்டரா? உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிரஷர் விஷயத்தில் கண்டுபிடிக்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை. மாத்திரை இருக்கிறது, மலிவாக இருக்கிறது. எப்படி அளப்பது, எத்தனைக்கு மேல் போனால் ஆபத்து என்பதெல்லாம் தெரியும். மேல் எண்ணைப் பத்துப் புள்ளி இறக்கினால் பக்கவாதம் வருவது கால்வாசிக்கு மேல் குறைகிறது என்பதும் தெரியும். மிச்சம் இருப்பது மருத்துவமே அல்ல. பெயர் எழுதியவர் அடுத்த மாதம் வந்தாரா? வரவில்லை என்றால் ஏன்? வந்தவருக்குப் பலன் தெரிந்ததா? தெரியாவிட்டால் பாடத்தை மாற்றினோமா? இது முழுக்க முழுக்க வாத்தியார் வேலை. அந்த வேலை எனக்குத் தெரியும்.

நம் செங்கல்பட்டுக்கும் தெரியும். பழசை மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

திருமணியில் இருக்கும் தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தை உங்களில் பாதிப் பேர் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். லேடி வெலிங்டன் தொழுநோய் இல்லமாக இருந்ததை 1955இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டு, மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையம் ஆக்கியது. ஒரு காலத்தில் நம் பக்கத்தில் தொழுநோய் அவ்வளவு அதிகம். வலி இல்லாத தேமலாகத் தொடங்கும் நோய் அது. வலி இல்லாததால் யாரும் மருந்து சாப்பிட மாட்டார்கள். பிரஷர் மாதிரியேதான். அதற்குக் கொடுத்த மாத்திரையோ வருடக்கணக்கில் சாப்பிட வேண்டியது. என்ன செய்தார்கள்? சைக்கிளில் ஊர் ஊராக ஆள் அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகளின் முதுகையும் கையையும் பார்த்துவிட்டுப் போவார்கள். 1980களில் கூட்டு மருந்து அட்டை வந்தது. மாதத்தில் ஒரு வேளை மருந்தை ஊழியரின் கண் முன்னாலேயே விழுங்க வேண்டும். மீதி நாளுக்கு அட்டையைக் கையில் கொடுப்பார்கள். இந்த மாதம் ஒருவர் வரவில்லை என்றால் அவர் வீட்டுக் கதவை யாரோ தட்டுவார்கள். எத்தனை பேருக்கு அட்டை கொடுத்தார்கள் என்று கணக்கை அங்கேயே மூடிவிடவில்லை. எத்தனை பேர் முழுவதும் முடித்தார்கள் என்றும் எண்ணினார்கள்.

காசநோயிலும் இப்படித்தான். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு சிகிச்சை மையம் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்திருந்தவர்களையும், குடிசையில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட வைத்தால் வீட்டில் இருந்தவர்களும் அதே மாதிரி குணமாகிறார்கள் என்று 1959இல் உலகத்துக்கே சொன்னது நம் சென்னைதான். நீண்ட நாள் மருந்தை ஏழை மனிதரைச் சாப்பிட வைக்க முடியாது என்று இனி யாராவது சொன்னால், சேத்துப்பட்டுக்கும் திருமணிக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசச் சொல்லுங்கள்.

இப்போது நடப்பதைப் பார்ப்போம்.

முதலில் அளப்பது. பிரஷர் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. அரை மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி, பீடி, சிகரெட் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் படிய, கால் மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை இதயத்தின் உயரத்தில் மேஜை மேல் இருக்க வேண்டும். பேசக் கூடாது. இரண்டு முறை பார்க்க வேண்டும். வெயிலில் நடந்து வந்தவரை நிற்க வைத்து, சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, "சாப்பிட்டியாம்மா, பொண்ணு எப்படி இருக்கா" என்று பேசிக்கொண்டே எடுக்கிற எண் எதற்கு உதவும்? அந்த எண்ணை நம்பித்தான் ஒருவருக்கு வாழ்நாள் மாத்திரை எழுதுகிறோம், அல்லது எழுதாமல் விடுகிறோம். அளவுகோல் கோணலாக இருந்தால் கோடு எப்படி நேராக வரும்? கூட்டம் அதிகம், நேரம் இல்லை என்பார்கள். நான்கு நாற்காலியைச் சுவர் ஓரமாகப் போட்டு, "இங்கே ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவும்" என்று ஒரு பலகை மாட்ட எத்தனை ரூபாய் ஆகும்?

இரண்டாவது, அளந்த பிறகு என்ன செய்கிறோம் என்பது. இங்கேதான் என் கோபம் அதிகம்.

என் பழைய மாணவன் ஒருவன். மாமல்லபுரம் பக்கம் சிற்பப் பட்டறை ஒன்றில் கல் கொத்துகிறவன். 44 வயது. சுகாதார நிலையத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, யாரையும் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. அவனுடைய சிகிச்சை நோட்டை நானே புரட்டிப் பார்த்தேன். முதல் மாதம் 170. அடுத்த மாதம் 164. அதற்கடுத்த மாதம் 168. மூன்று மாதமும் அதே மாத்திரை, அதே அளவு. எண்ணை அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் அதைப் படித்த மாதிரிதான் தெரியவில்லை. நான்காவது மாதம் அவன் போகவில்லை. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, நன்றாகத்தானே இருக்கிறோம் என்று விட்டுவிட்டான். ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. 45 ஆகாததால் வீடு தேடிப் போகும் பட்டியலிலும் அவன் பெயர் இல்லை. அடுத்த மழைக்காலத்தில் பக்கவாதம். உளி பிடித்த கை இப்போது டம்ளரைப் பிடிக்கச் சிரமப்படுகிறது. மனைவி இரண்டு வீடுகளில் வேலை பார்க்கிறாள்.

திட்டத்தின் கணக்கில் அவன் யார்? பரிசோதிக்கப்பட்டவன், நோய் கண்டறியப்பட்டவன், மாத்திரை பெற்றவன். மூன்று கட்டத்திலும் டிக். வெற்றிகரமான பயனாளி.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. 2017இன் இறுதியில் இந்திய அளவில் உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி என்று ஒன்று ஆரம்பித்தார்கள். பஞ்சாப், கேரளா, மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரா ஆகிய ஐந்து மாநிலங்களில் 25 மாவட்டங்கள். அங்கே செய்தது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. எந்த மாத்திரையில் தொடங்குவது, ஒரு மாதத்தில் இறங்காவிட்டால் எவ்வளவு கூட்டுவது, அப்போதும் இறங்காவிட்டால் எதைச் சேர்ப்பது என்று ஒரே தாளில் படிப்படியாக எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். குறைந்தது 30 நாளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். பிரஷர் பார்ப்பது, மருந்து தருவது போன்ற வேலைகளை நர்ஸ்களோடும் களப்பணியாளர்களோடும் பகிர்ந்துகொண்டார்கள். வராதவர்களைத் தேடினார்கள். காலாண்டுக்கு ஒருமுறை, முன்பு பதிவானவர்களில் எத்தனை பேருக்குக் கட்டுக்குள் வந்தது என்று எண்ணினார்கள். அங்கே சிகிச்சையில் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கட்டுக்குள் வந்தது. 2022இல் அவர்களுக்கும் ஐக்கிய நாடுகள் விருது கிடைத்தது. கனடாவிலும் தென்கொரியாவிலும் பிரஷர் உள்ள எல்லோரையும் சேர்த்துப் பார்த்தாலே பாதிக்கு மேல் கட்டுக்குள் இருக்கிறது. நம்மால் முடியாதா? 1994இலேயே மருத்துவ சேவைக் கழகம் தொடங்கி, மருந்து வாங்குவது எப்படி என்று நாட்டுக்கே காட்டிய மாநிலம் இது.

மூன்றாவது, நேரம். கோவளம் முதல் தெற்கே கடலூர் பெரியகுப்பம் வரை நம் கடலோரத்தின் நாள் எப்படி ஓடுகிறது? விடியும் முன்னே ஆம்பிளைகள் படகு தள்ளுவார்கள். கரை திரும்பி வலை உதறி முடிக்கும்போது வெயில் ஏறிவிடும். அந்த நேரத்தில் பெண்கள் கூடையோடு சந்தைக்குப் போயிருப்பார்கள். நம் ஓபி எப்போது? அதே காலை நேரம். உள்ளே வந்தால் மறைமலைநகர் கம்பெனிகளில் ஷிஃப்ட், ஓஎம்ஆர் ஓரம் கட்டட வேலை. ஒரு நாள் வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. "மக்களுக்கு அக்கறை இல்லை" என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு வாரம் கூடை சுமந்துவிட்டு வந்து பேசட்டும். தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று 2024இல் வேலையிடத்துக்கே போக ஆரம்பித்தது சரியான யோசனை. அதே யோசனை மீன் இறங்கும் தளத்துக்கும் சிற்பப் பட்டறைக்கும் வர வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது மாலையில் பிரஷர் கிளினிக் நடக்க வேண்டும்.

நான்காவது, வீடு வீடாக நடக்கும் பெண்கள். சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். அவர்களிலும் என் மாணவிகள் இருக்கிறார்கள். பையில் பிரஷர் மெஷினையும் சர்க்கரை மெஷினையும் வைத்துக்கொண்டு வெயிலில் நடக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் தன்னார்வலர். கொடுப்பது சம்பளம் இல்லையாம், ஊக்கத்தொகையாம். விருது வாங்கியது அவர்கள் கால். அந்தக் காலுக்கு ஊழியர் என்ற பெயர் கிடையாது. இந்தத் திட்டம் நிற்பதும் விழுவதும் அவர்களிடம்தான் இருக்கிறது என்றால், முறையான வேலையும் முறையான சம்பளமும் கொடுங்கள். "இந்த மாதம் எத்தனை வீடு?" என்று மட்டும் கேட்காமல், "உங்கள் தெருவில் எத்தனை பேருக்கு 140க்குக் கீழே வந்தது?" என்று கேளுங்கள். அவர்கள் பெருமையாகப் பதில் சொல்வார்கள்.

இனி நம் குடும்பத்துக்கு வருகிறேன். அரசாங்கத்தை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நியாயம் இல்லை.

நம் உறவினர் குழுவில் மாதம் ஒருமுறை ஒரு செய்தி சுற்றுகிறது. "வயதோடு 100ஐக் கூட்டினால் வருவதுதான் சரியான பிரஷர். 60 வயதுக்கு 160 சகஜம். மாத்திரை எல்லாம் கம்பெனிக்காரன் சதி." மாமா, மச்சான், சித்தி, யார் அனுப்பினாலும் சொல்கிறேன், இது ஆளைக் கொல்லும் செய்தி. 60 வயதைத் தாண்டி மேல் எண் 160க்கு மேல் இருந்த நாலாயிரத்து எழுநூறு பேரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. 1991இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 36 விழுக்காடு குறைந்தது. அதில் கொடுத்த முக்கிய மாத்திரை குளோர்தாலிடோன். பழைய, மலிவான மாத்திரை. எந்தக் கம்பெனியும் அதில் மாளிகை கட்ட முடியாது.

"மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும்" என்பது அடுத்தது. உண்மை தலைகீழ். கட்டுக்குள் இல்லாத பிரஷர்தான் கிட்னியைக் கெடுக்கிறது. அதைவிட, உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தினமும் வாங்கி விழுங்குகிறீர்களே வலி மாத்திரை, அது பிரஷரையும் ஏற்றும், கிட்னியையும் பாதிக்கும். கல் வேலை, படகு வேலை செய்பவர்கள் முக்கியமாகக் கவனியுங்கள்.

"பிரஷர் நார்மலுக்கு வந்துவிட்டது, அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்பது மூன்றாவது. குடை பிடித்ததால் நனையவில்லை. நனையவில்லை என்பதற்காக மழையில் குடையை மடக்குவீர்களா? குறைப்பதோ மாற்றுவதோ டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும். நான் சொல்வதை வைத்தும் மாற்றாதீர்கள்.

உப்பு. கேளம்பாக்கம், கோவளம் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் இல்லாமல் நமக்குச் சோறு இறங்காது. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராமுக்குக் குறைவாக என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று எனக்கே பாடம் எடுக்காதீர்கள். உப்பு இல்லாமல் சாப்பிடச் சொல்லவில்லை. கருவாட்டுக் குழம்பு வைத்த அன்றைக்கு ஊறுகாய் பாட்டிலையும் திறக்காதீர்கள் என்கிறேன்.

இன்னொன்று. வசதி வந்துவிட்டது என்று தனியார் டாக்டர் மாற்றி டாக்டர் போகிறவர்கள், சுகாதார நிலையத்து மாத்திரையை "கவர்மெண்ட் மாத்திரை" என்று முகம் சுளிக்காதீர்கள். அட்டையின் நிறம் வேறாக இருக்கலாம். உள்ளே இருக்கும் மருந்து அதே அம்லோடிபின், அதே டெல்மிசார்டன்தான். நீங்கள் முகம் சுளிப்பதைப் பார்த்து உங்கள் வீட்டு வேலைக்கார அம்மாவும் நிறுத்திவிடுவார்.

நான் கேட்பது நான்குதான்.

1. ஒவ்வொரு சுகாதார நிலையத்தின் சுவரிலும் காலாண்டுக்கு ஒருமுறை எழுதுங்கள்: பதிவானவர் இத்தனை, இந்தக் காலாண்டில் வந்தவர் இத்தனை, கட்டுக்குள் இருப்பவர் இத்தனை.

2. இரண்டு மாதம் தொடர்ந்து 140/90க்கு மேல் இருந்தும் மருந்து மாறவில்லை என்றால், ஏன் என்று நோட்டில் ஒரு வரி எழுதியே ஆக வேண்டும்.

3. ஒரு மாதம் வராதவரை, வயது 45 ஆனாலும் ஆகாவிட்டாலும், அடுத்த வாரமே தேடிப் போக வேண்டும். இடைநின்ற பிள்ளைகளின் வீட்டுக்கு நாங்கள் போனோமே, அதே மாதிரி.

4. மாலை நேர கிளினிக். முறையான சம்பளத்தில் களப்பணியாளர்கள்.

ஊராட்சி மன்றத்தில் இருக்கும் என் மாணவர்களே, அடுத்த கிராம சபையில் முதல் கோரிக்கையைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். நர்ஸாக இருக்கும் பிள்ளைகளே, நாளைக் காலையே சுவர் ஓரமாக நாற்காலியைப் போடுங்கள். அதற்கு எந்த ஆணையும் தேவையில்லை. மற்றவர்கள், இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர்களின் சிகிச்சை நோட்டை எடுத்துக் கடைசி மூன்று எண்களைப் பாருங்கள். மூன்றும் 140க்கு மேல் இருந்து மருந்து அப்படியே இருந்தால், நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்க் கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள். ஆனால் பதில் வரும்வரை எழுந்து வராதீர்கள்.

கேட்டுவிட்டு வந்து, என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள். வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

உங்கள் டீச்சர்